எண்ணிப் பார்த்துவிட்டுக் கை தூக்கினோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

 

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் கணக்கு எழுதுகிறவள். அதனால் கணக்கு மாதிரியே சொல்லிட்டுப் போறேன். எங்க ஊர் தொடக்கப்பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்க்கிறதுக்கு ஓட்டு எடுத்தாங்களே, அதை எப்படித் தடுத்தீங்கன்னு மூணு ஊரிலிருந்து கேட்டிருக்காங்க. அதைத்தான் பேசச் சொன்னார்கள்.

2023 செப்டம்பரில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். எதுக்குன்னு சொல்லல. போனால், மேலிருந்து ஒரு அலுவலர் வந்திருக்கார். டீ, பிஸ்கட் எல்லாம் கொடுத்தாங்க. "பதினேழு பிள்ளைங்க, ஒரே டீச்சர், அஞ்சு வகுப்பு. இது பள்ளிக்கூடமாம்மா? அங்கே பார்த்தா மூணு டீச்சர், பெரிய கட்டடம், விளையாட இடம். உங்க பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்"னு பேசினார். பேசி முடித்ததும் நோட்டு சுற்றுக்கு வந்தது. மேலே முக்கால் பக்கம் வெறுமனே இருக்கு, கீழே எங்க பேர் வரிசை. "கையெழுத்துப் போடுங்க, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கலாம்" என்றார்.

அந்த நோட்டு முதலில் வந்தது எங்க குழுவின் ஊக்குநர் அக்கா கைக்கு. அவங்க அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவங்க. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "சார், எங்க குழுவுல ஐநூறு ரூபா கடன் கொடுக்கறதுன்னாலும் தீர்மானம் எழுதி, வாசிச்சுக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து. வெறும் தாளுக்குக் கீழே போட்டுப் பழக்கமில்லீங்க" என்றார். சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. 1989ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்திலிருந்து தீர்மான நோட்டு எழுதி எழுதி வந்த பழக்கம் அது. அன்னைக்குக் கூட்டம் ஒத்திப்போடப்பட்டது. எங்களுக்குக் கிடைச்சது ஒரு மாசம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது. அதன்படி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்கள் இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும். பள்ளி எப்படி நடக்குதுன்னு பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவது, வருகிற பணம் ஒழுங்காகச் செலவாகுதான்னு பார்ப்பது, இதெல்லாம்தான் அந்தக் குழுவுக்குச் சட்டம் பேர் சொல்லிக் கொடுத்த வேலை. மூடுவதற்கு ஒப்புதல் கொடுப்பது அந்த வரிசையில் இல்லை. அப்புறம் எதுக்கு எங்க கையெழுத்து? "பெற்றோரே கேட்டுக்கொண்டார்கள்"னு ஒரு தாள் இருந்தால், நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது இல்லையா, அதுக்குத்தான்.

ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பிள்ளை நடந்து போகிற 1 கிலோமீட்டருக்குள்ளே பள்ளி இருக்கணும் என்பதும் விதியில் உண்டு. அலுவலர் கொண்டுவந்த தாளில் சரியாக 1 கி.மீ. என்று போட்டிருந்தது. சரி, நாமே அளந்து பார்ப்போம்னு என் தம்பி பைக்கில் மீட்டர் பார்த்து ஓட்டினோம். ரோட்டு வழியாக 2.3 கி.மீ. வந்தது. நடுவில் கிரானைட் லாரி போகிற நெடுஞ்சாலையைத் தாண்டணும். ஏரிக்கரை மேலே போனால் தூரம் குறைவுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கோடி போச்சுன்னா பெரியவங்களே அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டோம். தாளில் இருந்த 1 கி.மீ. காக்கா பறக்கிற தூரம். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணைப் பையோடு கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தோம், முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு. போற வழியிலேயே அது ரெண்டு தடவை உட்கார்ந்துடுச்சு.

இங்கே இன்னொரு விஷயம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பிச்சது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான். எட்டு மணி வாக்கில் பிள்ளை பள்ளியில் இருந்தால்தான் அந்த உப்புமாவும் கிச்சடியும் அதன் வயிற்றுக்குப் போகும். 2.3 கி.மீ. நடக்கணும்னா ஏழரைக்கு முன்னாடியே வீட்டை விட்டுக் கிளம்பணும். நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் போகிற அம்மா எந்த நேரத்தில் தலை வாரி அனுப்புவாள்? அதனால் பிள்ளை லேட்டாகப் போகும், இல்லன்னா வெறும் வயிற்றோடு போகும். இதை நாங்க கூட்டத்தில் சொன்னபோது, "உங்க சமையல் வேலை போயிடும்னுதானே பேசறீங்க" என்று ஒருத்தர் கேட்டார். ஆமாங்க, அந்த வேலையும் போகத்தான் செய்யும். அதைச் சொல்ல எங்களுக்கு என்ன வெட்கம்? ஆனா முதல் காரணம் அது இல்லை.

வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். எத்தனை வருஷத்துக்கு, ஆட்டோக்காரருக்கு மாசா மாசம் யார் பணம் கொடுப்பாங்க, மழை நாளில் வண்டி வரலன்னா யாரைக் கேட்கணும், எழுதிக் கொடுங்கன்னு கேட்டோம். நிதி வந்தால் பார்க்கலாம்னு பதில் வந்தது.

இனிமேல் சொல்றதுதான் கஷ்டமான பகுதி. இதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சே வேஸ்ட்.

நாலு குழுக்காரங்களும் தெரு பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணினோம். எங்க ஊரில் தொடக்கப்பள்ளி வயசுப் பிள்ளைகள் 34 பேர். 17 பேர் எங்க பள்ளியில். 15 பேர் காலையில் மஞ்சள் வேனில் ஏறி டவுனுக்குப் போறாங்க. ரெண்டு பேர் எங்கேயுமே போகல. ஒண்ணு தம்பியைப் பார்த்துக்கிற பெண் பிள்ளை, இன்னொண்ணு செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பையன். அவனை யாருமே எந்தப் பட்டியலிலும் எழுதல.

அப்புறம் நான் நம்ம குழுக்களின் கடன் பேரேட்டை எடுத்தேன். கடன் நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு இல்லையா, ஆடு, மாடு, வீடு பழுது, ஆஸ்பத்திரின்னு எழுதுவோமே, அதுதான். மே, ஜூன் மாசத்தில் மட்டும் "பள்ளிக் கட்டணம்"னு பதினொரு கடன். ஒண்ணேமுக்கால் லட்சத்துக்கு மேல. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. அலுவலர் சொன்ன "பதினேழு பிள்ளைங்க" என்கிற எண்ணிக்கை எங்கிருந்து வந்ததுன்னு தேடினால், அதில் பாதி நம்ம பேரேட்டில்தான் இருந்தது.

பேர் சொல்லாமல் கூட்டத்தில் இதை வாசித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒரு தங்கச்சி எழுந்து, "ஒரே டீச்சர் அஞ்சு வகுப்புக்கு. அவங்க மீட்டிங் போனா பள்ளிக்கூடமே லீவு மாதிரி. என் பையன் ரெண்டாவது முடிச்சும் எழுத்துக் கூட்டத் தெரியல. நான் என்ன பண்ண முடியும்?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. இப்பவும் வரல. ஆட்டை வித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவளிடம் போய் அரசுப் பள்ளியின் பெருமை பேசுவது நியாயமில்லை.

ஆனால் அவள் கேட்டதில்தான் வழி கிடைச்சது. அதே சட்டத்தின் அட்டவணையில், தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர் இருக்கணும்னு இருக்கு. பதினேழுக்கும் ரெண்டுதான், ஏழுக்கும் ரெண்டுதான். எங்க பள்ளியில் ரெண்டாவது ஆசிரியர் மாறுதலாகிப் போய் ரெண்டரை வருஷம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. டீச்சர் இல்லாததால் பிள்ளை குறையுது, பிள்ளை குறைஞ்சதால் பள்ளி வேண்டாம்ங்கிறாங்க. இது எங்க ஊர் விவகாரம் மட்டும் இல்லை. 2014ல் ராஜஸ்தானில் பதினேழாயிரத்துக்கு மேல் பள்ளிகளை இணைத்தார்கள். மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசாவிலும் நடந்தது. நம்ம மாநிலத்திலேயே 2019ல் பிள்ளைகள் இல்லாத நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது.

அதனால் வெறுமனே "இணைக்காதே"ன்னு எழுதல. அக்டோபர் 2 கிராம சபையில் நாங்க கொடுத்த தீர்மானத்தில், பள்ளி இங்கேயே நடக்கணும், காலி இடத்துக்கு ஆசிரியர் போடணும், எங்கேயும் போகாத ரெண்டு பிள்ளைகளையும் உடனே சேர்க்கணும் என்று எழுதினோம். கீழே அளந்த தூரமும் எண்ணின எண்ணிக்கையும். கிராம சபைத் தீர்மானத்தால் கல்வித் துறையைக் கட்டிப்போட முடியாதுன்னு சிலர் சிரித்தார்கள். கட்டிப்போட முடியாதுதான். ஆனா பதிவேட்டில் ஏறிடுச்சு. "பெற்றோரே கேட்டார்கள்"னு இனிமேல் யாரும் எழுத முடியாது.

மேலாண்மைக் குழுக் கூட்டம் அதற்கப்புறம் நடந்தது. இந்தத் தடவை தீர்மானத்தை முழுசா எழுதி வாசித்தார்கள். வந்தவங்க 13 பேர். தலைமை ஆசிரியை, தான் அரசு ஊழியர், கை தூக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. மீதி 12 பேரில் இணைப்புக்கு ஆதரவாக 4, வேண்டாம்னு 8.

அந்த நாலு பேரில் ஒருத்தி எங்க குழுக்காரி. கூட்டம் முடிஞ்சு வெளியே வந்ததும் சில பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பயப்படாமல் சொன்னாள்: "நாலாம் வகுப்புல என் பொண்ணு ஒருத்திதான். வாய்ப்பாடு சொன்னாக்கூட எதிர்ல கேக்க ஒரு பிள்ளை இல்லை. ஓடிப்பிடிச்சு விளையாட ஆள் இல்லை. நீங்க ஊருக்காகப் பேசறீங்க. நான் அவளுக்காகப் பேசறேன்." இதுக்கு என்னிடம் பதில் இல்லீங்க. சின்னப் பள்ளியில் இந்தக் குறை உண்மையிலேயே இருக்கு. எட்டு பேர் நாங்க ஜெயிச்சதால் அந்தப் பெண்ணுக்குத் தோழி கிடைச்சுடல. அடுத்த ஜூனில் அவள் பெண்ணைப் பெரிய பள்ளிக்கே மாத்திட்டாள். அவ அப்பா சைக்கிளில் கொண்டுபோய் விடுறார். அது அவங்க இஷ்டம். அன்னைக்கு அவளிடம் சத்தம் போட்டவங்களைத் தலைவி அக்கா அடுத்த குழுக் கூட்டத்தில் கண்டிச்சாங்க. அவள் இன்னும் எங்க குழுவில்தான் இருக்காள், சேமிப்பு ஒரு வாரம் தவறினதில்லை.

ஜனவரியில் மாற்றுப்பணியில் ஒரு ஆசிரியர் வந்தார். வாரத்தில் நாலு நாள்தான். அஞ்சாம் நாளும் வேணும்னு எழுதிக்கிட்டே இருக்கோம். ஜூன் கணக்கு சொல்றேன். 17ல் அஞ்சாவது முடிச்சுப் போனது 3, மாறிப்போனது 1, மீதி 13. வேனில் போனவங்களில் திரும்பி வந்தது 5. எங்கேயும் போகாமல் இருந்த 2 பேரும் சேர்ந்தாச்சு. ஒண்ணாம் வகுப்புக்குப் புதுசா 3. மொத்தம் 23. எழுத்துக் கூட்டத் தெரியலன்னு சொன்னாளே, அவள் பையன் அந்த அஞ்சில் ஒருத்தன். மீதிப் பத்துப் பிள்ளைகள் இன்னும் வேனில்தான் போறாங்க. அடுத்த வருஷம் அதே தாள் திரும்ப வரலாம். வராதுன்னு யாரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கல.

கேட்ட மூணு ஊர்க்காரங்களுக்கும் சொல்றேன். கூட்டத்துக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டு வரணும்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. ஏப்ரல் மாசக் குழுக் கூட்டத்தில் உங்க தெருவில் ஜூனுக்கு அஞ்சு வயசு முடியற பிள்ளைகள் பேரை எழுதுங்க. பள்ளிக்கே போகாத பிள்ளை இருந்தால் அதையும் எழுதுங்க, சூளைக்காரங்க, வந்து தங்கினவங்க பிள்ளைகளை விட்டுடாதீங்க. பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம், எத்தனை காலின்னு தலைமை ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்குங்க. கடன் நோக்கம் கட்டத்தில் "இதர"ன்னு போடாமல் பள்ளிக் கட்டணம்னா பள்ளிக் கட்டணம்னே எழுதுங்க, யாருடைய மானமும் போயிடாது. தூரத்தை நடந்து அளங்க. அந்த நோட்டை மே 1 கிராம சபைக்குக் கையோடு எடுத்துட்டு வாங்க. கூட்டிக் கழிச்சுக் கொடுக்க ஆள் வேணும்னா சனிக்கிழமை மத்தியானம் நான் கூட்டமைப்பு ஆபீஸில்தான் இருப்பேன்.