தொட்டுச் செய்யும் தொண்டு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டுதோறும் இம்மேடையிலே சமயமும் தமிழும் பேசக் கேட்டுப் பழகிய உங்களுக்கு, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். உடம்பு பிடித்துவிடும் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எண்ணெய் பூசி, நோவெடுத்த இடத்தை உருவி, அழுத்தி, ஒத்தடமிட்டு அனுப்பும் சிறு நிலையம் ஒன்றை நடத்தி, அத்தொழிலிலே மகிழ்ச்சியோடு வாழ முடியுமா என்பது கேள்வி. முடியும் என்பது எமது துணிபு. எம்மிற் சிலர் அத்தொழிலில் இறங்க எண்ணியிருப்பதால், பெரியோர்களாகிய உங்கள் முன் இதனை விரித்துரைப்பது எமது கடமையும் ஆகின்றது.

முதலில் நம்மூரைப் பாருங்கள். கிழக்கே கடல்; மேற்கே வயல். கரைவலை இழுப்பவன் இடுப்பிலே கயிற்றை மாட்டிப் பின்னோக்கி நடக்கின்றான். நாற்பது வயதாகுமுன்னே அவன் நாரி நிமிர மறுக்கின்றது. வட்டையிலே குனிந்து களை பிடுங்கும் தாய்க்கு முழங்கால் நோ. மருதமுனையிலே தறியில் இருப்பவருக்குத் தோள்மூட்டிற் பிடிப்பு. தச்சுத் தொழிலாளிக்கு மணிக்கட்டு. முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு முதுகு. படிப்பவர்களாகிய எமக்கோ கைத்தொலைபேசியைக் குனிந்து நோக்கி நோக்கிக் கழுத்து. இத்துணை நோவும் உள்ள ஊரிலே, நோவைத் தணிக்கும் கைகளுக்கு வேலை இல்லாமற் போகுமா?

இக்கலை எமக்கு அயலிலிருந்து வந்ததுமன்று. சித்த மருத்துவத்திலே இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதனை ஒன்பது வகையாகப் பிரித்துள்ளனர். ஒன்பது பெயரும் ஒன்பது செயல். ஒவ்வொன்றுக்கும் உரிய உறுப்பும் உரிய அளவும் உண்டு. கன்னியாகுமரிப் பகுதியிலே வர்ம ஆசான்மார் குருவினிடம் ஆண்டுக்கணக்கிற் பயின்றே இதனைக் கைக்கொள்கின்றனர். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தடவி, நொச்சியிலை அவித்த நீர் வார்க்கும் பாட்டிமார் செய்ததும் இக்கலையின் ஒரு கூறேயாம். இந்துவின் வீடாயினும் முஸ்லிமின் வீடாயினும், நோவெடுத்த உடம்பு நாடிய கை ஒன்றாகவே இருந்துள்ளது. தொற்றா நோய்களுக்கான ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை ஒன்று இன்று எமது நிந்தவூரிலேயே இருக்கின்றது. ஆகவே, நாம் பேசும் பொருள் நம்மூருக்கு வேண்டாத பொருளன்று.

அப்படியாயின் நம் இளைஞர் ஏன் இதனை நாடவில்லை? தடைகள் இரண்டு. ஒன்று, பிறர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலை தாழ்ந்தது என்னும் பழைய எண்ணம். மற்றது, 'மசாஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் நகரத்து மூடிய அறைகளை நினைந்து முகஞ்சுளிக்கும் புதிய எண்ணம். முன்னது சாதி வழி வந்தது. பின்னது சிலரின் தீய நடத்தையால் வந்தது.

முதலாவது எண்ணத்துக்குப் பெரிய புராணமே மறுமொழி கூறும். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியிலே அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுத்தவர். அழுக்கைக் கையாலே தொட்டவர். ஒருநாள் முதிய அடியவர் வடிவில் வந்த இறைவனின் கந்தையை வாங்கினார். அன்று மழை விடாது பொழிந்தமையால் உலர்த்திக் கொடுக்க இயலவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று கல்லிலே தலையை மோதப் புகுந்தார். அறுபத்துமூவருள் ஒருவராக நாம் கும்பிடுவது அவரையன்றோ? தொழில் அவரைத் தாழ்த்தவில்லை. தொழிலிலே அவர் வைத்த நேர்மை அவரைக் கோயிலுக்குள் கொண்டு வந்தது. மிஷன் பாடசாலையிலே பயின்ற நாம் அங்கும் இதனையே கேட்டோம். இயேசுநாதர் இராப்போசனத்தின்போது அரையிலே துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று கற்பித்தார்கள். இரு வழியிலும் கேட்ட பாடம் ஒன்றே: பிறர் உடம்புக்குச் செய்யும் தொண்டு மனிதனைச் சிறுமைப்படுத்தாது.

இனி, இத்தொழிலையே செய்து உலகறிய வாழ்ந்த ஒருவரின் கதையைக் கூறுவோம். நாம் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் 'ஷாம்பூ' என்னும் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அழுத்து, பிசை என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து வந்தது. ஆதியில் அது உடம்பு பிடித்துவிடுதலையே குறித்தது. தலை கழுவுதலைக் குறித்தது பிற்காலத்திலே. அச்சொல்லை இங்கிலாந்திலே புகழ்பெறச் செய்தவர் சேக் தீன் முகம்மது என்னும் இந்தியர்.

அவர் 1759ஆம் ஆண்டு பாட்னாவிலே முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தார். சிறுவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் படையைச் சேர்ந்து, 1784இல் அயர்லாந்திலுள்ள கோர்க் நகருக்குச் சென்றார். அங்கே ஜேன் என்னும் பெண்ணை மணந்தார். 1794இல் தமது பயணங்களைப் பற்றி ஆங்கிலத்திலே ஒரு நூல் வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அதுவே என்பர். 1810இல் இலண்டனிலே இந்திய உணவுக்கடை ஒன்றைத் திறந்தார். பணம் போதவில்லை, 1812இல் கடன் தீர்க்க வகையின்றி முறிந்து போனார். வயதோ ஐம்பதைக் கடந்துவிட்டது. வேறொருவராயின் அத்தோடு ஒடுங்கியிருப்பார். அவர் பிறைற்றன் என்னும் கடற்கரைப் பட்டினத்துக்குச் சென்று, உடம்பு பிடித்துவிடும் தொழிலைத் தொடங்கினார்.

அவர் செய்த முறையைக் கேட்டால் நம் பாட்டிமார் வியப்படையார். மூலிகை இட்ட நீராவியிலே நோயாளியை இருத்தி வியர்க்கச் செய்வார். நாம் வேது பிடித்தல் என்கிறோமே, அதுவே அது. பின்னர் கம்பளித் துணியாலான கூடாரம் போன்ற மறைப்புக்குள் நோயாளி இருக்க, அத்துணியிலே தைத்த கைகளினூடாகத் தம் கைகளை நுழைத்து, வெளியே நின்றபடி உடம்பைப் பிடித்துவிடுவார். நோயாளியின் மானத்துக்கு அவர் கொடுத்த மதிப்பைக் கவனியுங்கள். பெண்களுக்குரிய பகுதியை அவர் மனைவி ஜேன் பார்த்துக்கொண்டார். முடமாக வந்து நடந்து சென்றவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் அந்நிலையத்திலே காட்சிக்கு இருந்தன. நான்காம் ஜோர்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் இத்தொழிலிலே பணிபுரியும் நியமனம் அவருக்குக் கிடைத்தது. 1822இல் தமது சிகிச்சை முறையைப் பற்றித் தனி நூலும் எழுதினார்.

அவர் கதையிலே குறையும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. தம் வயதைப் பத்தாண்டு கூட்டிச் சொன்னார். மருத்துவம் படித்ததாகவும் கூறிக்கொண்டார். பலதிறப்பட்ட நோய்களையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்தார். அந்நிலையம் பிறர் முதலீட்டிலே எழுந்தது. பணம் போட்டவர் இறந்தபின் 1840களிலே அது ஏலத்துக்குப் போய், முதுமையிலே அவர் கையை விட்டு நீங்கியது. 1851இல் அவர் காலமானார். ஆயினும், அவருடைய பேரன் பிரெடரிக் அக்பர் முகம்மது இலண்டன் கை வைத்தியசாலையிலே மருத்துவராகி, இரத்த அழுத்தத்தை ஆராய்ந்தார். சிறுநீரக நோய் இல்லாதவரிடத்தும் உயர் இரத்த அழுத்தம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்காட்டிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். உடம்பு பிடித்துவிட்டவரின் பேரன் மருத்துவ நூல்களிலே இடம்பெற்றார். "இத்தொழிலுக்குப் போனால் சந்ததி கெடும்" என்று அஞ்சும் பெரியோர் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

இக்கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் விதிகள் சில உண்டு. சிறிதாகத் தொடங்கவேண்டும், கடன்பட்டுப் பெருங்கட்டடம் எழுப்பலாகாது. உறுதியான ஒரு கட்டில், துவைத்து வெயிலிற் காய்ந்த விரிப்புகள், நல்ல எண்ணெய், எண்ணெய் சூடாக்க ஓர் அடுப்பு, கை கழுவச் சவர்க்காரமும் நீரும், சுவரிலே ஒரு மணிக்கூடு, வரவு செலவு எழுத ஒரு கொப்பி. தொடக்கத்துக்கு இவை போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதை மாற்றமின்றிக் காக்கவேண்டும். கட்டணத்தை வாசலிலே எழுதித் தொங்கவிட வேண்டும். ஒளிவு மறைவில்லாத இடத்திலே சந்தேகத்துக்கு இடமில்லை. நாம் சொன்ன இரண்டாவது தடைக்கு இதுவே மறுமொழி.

அடுத்தது, நாவடக்கம். பிடித்துவிடுவதால் இறுகிய தசை தளரும். நாரி நோவு சில நாளுக்கேனும் தணியும். மனம் அமைதியுற்று உறக்கம் வரும். இவ்வளவும் உண்மை. நீரிழிவைத் தீர்ப்போம், அடைபட்ட இருதயக் குழாயைத் திறப்போம் என்பது பொய். எப்போது கை வைக்கலாகாது என்று அறிவதே இத்தொழிலின் முதற் பாடம். காய்ச்சலுள்ளவர், எலும்பு முறிந்தவர், புதிதாகச் சுளுக்கி வீங்கியவர், தோலிலே புண்ணுள்ளவர் ஆகியோரை முதலில் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அதனை அழுத்தினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிரையே குடித்துவிடும். நீரிழிவு முற்றியவருக்குப் பாதத்திலே உணர்ச்சி குன்றியிருக்கும். நமக்கு இளஞ்சூடாகத் தெரிவதை நம்பி ஒத்தடமிட்டால் அவருக்குக் கொப்புளம் எழும். அவர் அறியவும் மாட்டார். ஆகவே, பயிலாத கை இத்தொழிலைத் தொடலாகாது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி ஆகியவற்றையும் உள்ளடக்கி, வைத்தியர்களைப் பதிவு செய்ய ஒரு சபையை ஏற்படுத்தியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. அத்தகைய வைத்தியர் ஒருவரின் வழிகாட்டலோடு நிலையம் நடப்பதே முறையாம்.

இத்தொழிலிலே இன்பம் எங்கே என்று கேட்பீர்கள். பல தொழில்களிலே உழைப்பின் பலன் வேறெங்கோ போய்விடும். செய்தவன் அதனைக் காண்பதில்லை. இங்கே நோவோடு முகஞ்சுருங்கி வந்தவர், ஒரு மணி நேரத்திலே முகம் மலர்ந்து எழுவதைச் செய்தவனே காண்கிறான். கட்டிலிலே கிடப்பவரின் மூச்சு மெல்ல மெல்ல ஆழ்ந்து, குறட்டையாக மாறும்போது அவனுக்குக் கூலியின் பாதி கிடைத்துவிடுகின்றது. பேச விரும்புபவர் பேசுவார்; செய்பவன் கேட்பான்; கேட்டது அறையைத் தாண்டாது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனித்து வாழும் முதியோருக்கு, அன்போடு தொடும் ஒரு கையே அருமையாகிவிட்ட காலம் இது. கைகளும் நாளடைவிலே அறிவு பெறுகின்றன. எந்த முடிச்சு எங்கே இருக்கிறதென்று விரல் தானே தேடிச் செல்லும். அந்தத் தேர்ச்சி தரும் மகிழ்ச்சி, வீணை வாசிப்பவன் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று. ஆனால் தன் உடம்பையும் காக்கவேண்டும். பெருவிரலால் மட்டும் அழுத்துபவன் சில ஆண்டுகளிலே விரலை இழப்பான். உடம்பின் பாரத்தைச் சாய்த்து அழுத்துபவனே நீடித்து உழைப்பான்.

கண்ணிழந்தோருக்கும் இத்தொழில் வாழ்வளித்துள்ளது. யப்பானிலே 1610 முதல் 1694 வரை வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர், ஊசி மருத்துவமும் உடம்பு பிடித்துவிடுதலும் கற்பிக்கும் பள்ளிகளைத் தம்போன்றோருக்காக நிறுவினார். அந்நாட்டிலே பார்வையற்றோர் பாடசாலைகள் இன்றும் இக்கலையைக் கற்பிக்கின்றன. நம் பகுதியிலும் பார்வை குன்றிய பிள்ளைகள் உளர். அவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ இதுவும் ஒரு வழியாகாதா?

பெரியோர்களே! நாம் உங்களிடம் வேண்டுவன மூன்று. இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞனை "படித்துவிட்டு இதற்கா போகிறாய்?" என்று கேளாதீர்கள். பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் இத்தொழிலை ஒரு குறையாக எண்ணாதீர்கள். மன்றத்தின் ஓர் அறையை வாரத்தில் ஒருநாள் இப்பணிக்கு உதவுங்கள். தகுதிவாய்ந்த வைத்தியரின் மேற்பார்வையிலே, வயலிலும் கடலிலும் உழைத்தோய்ந்த முதியோருக்கு, இந்து முஸ்லிம் என்ற வேறுபாடின்றிக் கட்டணமில்லாமல் செய்வோம். எமது கையின் தகுதியை ஊர் அங்கே பார்க்கட்டும்.

இளைஞர்களே! உத்தியோகக் கடிதத்துக்காகத் தபாற்காரனை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிக்கின்றோம். அறுகம் குடாவிலும் பாசிக்குடாவிலும் வந்து தங்கும் பயணிகளுக்காக இக்கலை தெரிந்தோரைத் தேடுகின்றனர். நம்மூர் முதியோரோ தேடவும் வழியின்றி நோவோடு இருக்கின்றனர். இறைவன் நமக்கு இரு கைகளைத் தந்திருக்கின்றான். அவற்றைக் கூப்பித் தொழக் கற்றோம். நொந்தவரைத் தொட்டு ஆற்றவும் கற்போமாக.