கிரிப்பில் விழுந்த பெயரைத் திருத்த முடியுமா?

(தோட்ட மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் நீங்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

நம் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா மகனுக்கு ஆட்டோ வாங்க லீசிங் கேட்டுப் போனார். "உங்கள் பெயர் கிரிப்பில் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழுக் கடனை ஒரு கிழமைகூடப் பிந்தாமல் கட்டியவர் அவர். அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். 2 மாதத் தவணை பிந்தியது என்றிருந்தது. அக்காவின் கடன் அட்டையிலோ அந்த 2 மாதத்துக்கும் வசூலிக்க வந்தவரின் கையெழுத்து இருந்தது.

கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். பலர் நினைப்பதுபோல் அது கறுப்புப் பட்டியல் அல்ல. ஒழுங்காகக் கட்டியதும் அதில் இருக்கும், பிந்தியதும் இருக்கும். பிணை நின்ற கடனும் இருக்கும். விவரத்தை அனுப்புவது கடன் கொடுத்த நிறுவனம். ஆகவே திருத்தி அனுப்ப வேண்டியதும் அந்த நிறுவனம்தான்.

முதலில் உங்கள் அறிக்கையை எடுங்கள். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். பிறகு கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கடன் இலக்கம், எந்த மாதப் பதிவு, அது ஏன் பிழை என்று எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். மூலப் பற்றுச்சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, கடிதத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்புக்கும் முறையிடலாம். நிறுவனம் அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம்.

அந்த அக்காவுக்கு இப்படித்தான் எழுதினோம். பிழை தங்களுடையது என்று ஒப்புக்கொண்டு திருத்தினார்கள்.

ஆனால் இன்னொரு தோழர் உண்மையிலேயே பிந்திக் கட்டியவர். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த காலம் அது. மருத்துவத் துண்டோடு, முழுக் கடனையும் கட்டி முடித்ததைக் காட்டி, அந்தப் பதிவை நீக்கித் தரும்படி கேட்டோம். நிறுவனம் மறுத்துவிட்டது. உண்மையை உங்களிடம் மறைக்க மாட்டேன். பிழையான பதிவைத் திருத்தக் கேட்பது நம் உரிமை. உண்மையான பிந்தலை நீக்கக் கேட்பது வேண்டுகோள். மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. ஆனாலும் கடன் கட்டி முடிந்தது என்று பதியச் செய்யலாம். அதையாவது அந்தத் தோழருக்குச் செய்து கொடுத்தோம். இனி ஒழுங்காகக் கட்டும் ஒவ்வொரு தவணையும் அவருக்குச் சாட்சி.

"காசு தாங்க, கிரிப்பைச் சுத்தமாக்கித் தாறோம்" என்று லயத்துக்கு வருபவரை நம்பாதீர்கள். நிறுவனம் அனுப்பிய உண்மையான பதிவை அழிக்க அவரால் முடியாது. உங்கள் காசுதான் போகும்.

அக்காமாரே, தவணை கட்டியதும் கையெழுத்து வாங்குங்கள். அந்த அட்டையைச் சேமநிதிப் புத்தகம் போலப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.