முட்டை இல்லாத கேக்: எந்த இடத்தில் எதைச் சேர்ப்பது?

(உணவுத் தொழில் செய்யும் குழுக்களுக்கான பயிற்சி நாளில் கூட்டமைப்பின் சார்பில் பேசியது)



புரட்டாசி பிறந்தாலே நம் குழுக்களுக்கு வரும் முதல் கேள்வி, "அக்கா, முட்டை போடுவீங்களா?" என்பதுதான். சஷ்டி விரதம், சைவக் குடும்பம், முட்டை ஒத்துக்காத பிள்ளை என்று காரணம் பல. ஆனால் முட்டையை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே கலக்கினால் கேக் வராது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். அது மாவுக்கு ஈரம் தருகிறது. அடிக்கும்போது காற்றைப் பிடித்து உப்ப வைக்கிறது. வேகும்போது இறுகி, உதிராமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே இந்தப் பலகாரத்தில் முட்டைக்கு என்ன வேலை என்று முதலில் பார்க்கணும்.

கட்லெட்டில் ரஸ்க் தூள் ஒட்டத்தானே முட்டை? மைதாவை நீர்க்கக் கரைத்து முக்கி எடுத்தால் போதும். பன் மேலே பால் தடவலாம். முட்டை அளவுக்கு மினுங்காது, நிறம் வரும்.

கேக்தான் கஷ்டம். அதற்குத் தயிரைத்தான் நாங்கள் நம்புகிறோம். தயிரின் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்தால் குமிழி கிளம்பும். அதுதான் கேக்கை உப்ப வைக்கும். ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரையுங்கள். ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா போட்டு 5 நிமிடம் விட்டால் நுரைத்து வரும். அரை கப் எண்ணெய், கொஞ்சம் வெனிலா எசன்ஸ் ஊற்றி, ஒன்றரை கப் மைதாவைச் சலித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கணும். ரொம்ப அடிக்காதீங்க, கேக் ரப்பர் மாதிரி ஆகிடும். கலந்ததும் ஓவனில் வைத்துவிடணும். "போன் வந்துச்சு, பேசிட்டு வர்றேன்" என்று போனால் குமிழி அடங்கிவிடும். 180 டிகிரியில் 35, 40 நிமிடம். குச்சியால் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டக் கூடாது.

வாழைப்பழம் என்றால் ஒரு முட்டைக்குப் பாதிப் பழம் மசித்தது. ஆனால் வாழைப்பழ வாசனை போகவே போகாது. அதைச் சொல்லித்தான் விற்கணும். பிஸ்கட்டுக்கு ஆளி விதை நல்லது: ஒரு டேபிள்ஸ்பூன் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் வழுவழுவென்று பிடித்துக்கொள்ளும். நாம் கீழே கொட்டுகிற கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்கூட, உப்பில்லாமல் கெட்டியாக இருந்தால், அடிக்க அடிக்க வெள்ளைக்கரு போல நுரைக்கும். நாலைந்து முட்டை அடித்துச் செய்யும் ஸ்பாஞ்ச் கேக்குக்கு மட்டும் ஆர்டர் வாங்காதீங்க. தயிரை வைத்து அந்தப் பதம் வராது.

இப்போது முக்கியமான விஷயம். முட்டை ஒத்துக்காத பிள்ளைக்குத் துளி பட்டாலும் தடிப்பு, வாந்தி வரலாம். சிலருக்கு மூச்சுத் திணறும். ஒரே பீட்டரில் காலையில் முட்டை அடித்துவிட்டு, மதியம் அதையே உதறிவிட்டுத் தயிர் கேக் கலக்கினால் அது முட்டையில்லா கேக் ஆகாது. கிண்ணம், பீட்டர், பிரஷ், டின் எல்லாம் தனியாக வேணும். செலவுதான். அந்தச் செலவு முடியாத குழு, "எங்க சமையலறையில் முட்டையும் புழங்குது" என்று ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். விரதக்காரருக்கும் அதே மரியாதைதான்; அவர் கண்ணால் பார்த்து வாங்கவில்லை, நம் வார்த்தையை நம்பி வாங்குகிறார்.

பாக்கெட் போட்டு விற்பவர்கள் கவனிங்க: சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். முட்டை சேர்ந்தால் அந்தப் பச்சைக் குறி போடக் கூடாது. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்தான். முன்பு அது வட்டமாக இருந்தது. பழைய ஸ்டிக்கர் மிச்சம் இருந்தால் ஒட்டாதீங்க.

விலையையும் சொல்லிவிடுகிறோம். முட்டை இல்லையென்றால் மலிவு என்று வாங்குபவர் நினைப்பார். தயிர், எண்ணெய், தனிப் பாத்திரம், கழுவும் நேரம் எல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்லணும். தயிர் கேக்கில் ஈரம் அதிகம். நம் வெயிலுக்கு இரண்டு நாளில் சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள். செய்த தேதியைப் பெட்டி மேலே எழுதுங்கள்.