புல்லுக்கும் ஒரு பங்கு

டில்லியில் நாங்கள் வசிக்கும் பகுதிக்குக் கிட்வாய் நகர் என்று பெயர். இப்பெயருக்குரிய ரஃபி அகமது கிட்வாய், 1952 முதல் 1954 அக்டோபரில் காலமாகும் வரை மத்திய சர்க்காரில் உணவு, விவசாய மந்திரியாக விளங்கியவர். அந்நாளைய குடியிருப்புகளில் பல இன்று இல்லை. கிழக்குக் கிட்வாய் நகரில் அடுக்கு மாளிகைகள் எழுந்துவிட்டன. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. விவசாய மந்திரி ஒருவரின் பெயரை முகவரியில் எழுதிவரும் நாம், ஊரில் விட்டுவந்த நிலத்தை எப்போதேனும் நினைக்கின்றோமா?

எங்களிடையே காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்து அன்பர்களும் உண்டு. அவர்கள் கூடினால் கொறங்காட்டைப் பற்றிய பேச்சு எழாமல் இராது. தஞ்சைத் தரணியில் பிறந்தோருக்கு இச்சொல் புதியதாக இருக்கலாம். ஆகையால் சிறிது விளக்குவோம்.

கொங்கு நாட்டின் அப்பகுதி மலைக்கு அப்பால் பெய்யும் மழையைப் பார்த்து ஏங்கும் பிரதேசம். அங்கே உழுது பயிரிட்டு ஏமாறுவதைவிடப் புல்லை வளர்த்து மாட்டைப் பேணுவதே மேல் என்று முன்னோர் கண்டுகொண்டனர். பட்டா நிலத்தைச் சுற்றி முட்கிளுவையை நட்டு உயிர்வேலி அமைத்தனர். உள்ளே கொழுக்கட்டைப் புல் படர்ந்தது. நடுநடுவே வெள்வேல மரங்கள் நின்று வெயிலில் நிழலும், புல் காய்ந்த கோடையில் ஆடுகளுக்குக் காயும் தந்தன. நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றொன்றை ஆறவிட்டனர். வேலி காவல் காத்தது. ஆறவிட்ட மண் புல்லைக் காத்தது. இதுவே கொறங்காடு.

பெயர்பெற்ற காங்கயம் காளை இப்புல்லைத் தின்று வளர்ந்தது. பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும் கன்று, மாதங்கள் செல்லச் செல்ல மயிலை நிறம் கொள்ளும். வண்டிக்கும் ஏருக்கும் இறவைக்கும் அதற்கு ஈடு இல்லை என்பர். ஆனால் ஏருக்கு டிராக்டரும், இறவைக்கு மோட்டாரும் வந்தபின் காளைக்கு வேலை குறைந்தது. பசுவோ மிகுதியாகப் பால் தருவதன்று. மாட்டின் மதிப்புக் குறையவே, அதை வளர்த்த நிலத்தின் மதிப்பும் குறைந்தது.

இங்கேதான் நம்முடைய பங்கும் வருகிறது. உத்தியோகத்தை நாடி வடக்கே வந்துவிட்டோம். நிலத்தை ஓராண்டுக் குத்தகைக்கு விட்டோம். அடுத்த ஆண்டு தமக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலத்தை ஆறவிடுவதற்காகக் குத்தகைதாரர் இவ்வாண்டு தம் மாட்டைப் பட்டினி போடுவாரா? பட்டுப்போன கிளுவைக்குப் பதில் புதுப்போத்து நடுவாரா? அவரைக் குறை கூறி என்ன பயன்? வேலி அழிகிறது, புல் தேய்கிறது, இறுதியில் வீட்டு மனைக்காரர் வந்து நிற்கிறார்.

தனிமனிதர் தாங்க இயலாத இச்செலவில் பொதுப் பணம் ஒரு பங்கை ஏற்பது புதுமையன்று. அமெரிக்காவில் 1930-களில் புழுதிப் புயல் வீசி நிலம் பாழானபோது, அரசு மேய்ச்சலை ஒழுங்குபடுத்த 1934-இல் சட்டம் செய்தது; 1935-இல் மண் பாதுகாப்புக்கென ஓர் இலாகாவை நிறுவியது. 1996-இல் வகுத்த திட்டமொன்றின்படி, வேலியடைத்து, தண்ணீர்த் தொட்டி கட்டி, முறை வைத்து மேய்க்கும் பண்ணைக்காரருக்குச் செலவில் ஒரு பகுதியை அரசே அளித்து வருகிறது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கால்நடைகள் 53 கோடிக்கு மேல். நிலையான மேய்ச்சல் நிலமோ சுமார் 1 கோடி ஹெக்டேர்தான். 1962-இல் ஜான்சியில் புல்லையும் தீவனத்தையும் ஆராய ஒரு நிலையம் தோன்றியது. 2014-15-இல் தொடங்கிய தேசிய கால்நடை இயக்கத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்தியது; தரிசிலும் மேய்ச்சல் நிலத்திலும் தீவனம் வளர்க்க மாநிலங்களுக்கு உதவ வகை செய்தது. வரவேற்கத்தக்க செயலே.

ஆயினும் பணம் மட்டும் போதாது. கட்ச் பகுதியிலுள்ள பன்னிப் புல்வெளியில், உப்பு நிலம் பரவுவதைத் தடுக்க 1960-களில் அரசே சீமைக் கருவேலத்தை நட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் அம்மரம் பரவிப் புல்லையே விழுங்கிற்று. மேய்ப்போரைக் கேளாமல் செலவிடும் பணம் மேய்ச்சலைக் கெடுக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே கொறங்காட்டுக்கு உதவ முன்வருவோர், புதிதாக எதையும் திணிக்க வேண்டியதில்லை. கிளுவைப் போத்துக்கும், கொழுக்கட்டைப் புல்லின் விதைக்கும், ஓர் அடைப்பை ஒரு பருவம் மேய்க்காமல் விடுவதால் வரும் நஷ்டத்துக்கும் மானியம் அளித்தால் போதும். அது பட்டாதாரருக்கு மட்டுமன்றி, உண்மையில் மாட்டை மேய்க்கும் குத்தகைதாரருக்கும் சேர வேண்டும். நெல்லுக்குப் பாய்ந்ததில் கசிவதே புல்லுக்குப் போதும் என்று நெடுநாள் இருந்துவிட்டோம். இனிப் புல்லுக்கென்றே ஒரு மடை வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரிலுள்ள நிலத்தை ஓராண்டுக்கு விடாமல், ஐந்தாண்டு, ஆறாண்டுக் குத்தகைக்கு விடுவோம். வேலிச் செலவில் பாதியை நாமே ஏற்போம். அடுத்த ஆண்டும் நிலம் தம்முடையதே என்று அறிந்தவர் புல்லை ஆறவிடுவார். சர்க்காரிடம் பங்கு கேட்கும் நாம், முதலில் நம் பங்கைச் செலுத்துவதுதானே முறை?