பெரட்டு எடுக்காத கணினி

(“கணினி கற்கும் நம் பிள்ளைகள் தடுமாறக் காரணம் கற்பவரா, கருவியா?” என்ற தொலைக்காட்சி அரங்கில் ஈப்போ பேச்சாளர் ஆற்றிய உரை)



தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, நிரலாக்கம் படிக்க வந்து முதல் வாரத்திலேயே ஓடிவிடுகிறார்கள் என்றார் எதிரணி நண்பர். ஐயா, அவர்கள் நிரலைக் கண்டு ஓடவில்லை. நிரல் எழுதுமுன்பே, கணினியைத் தயார்படுத்தும் இடத்திலேயே இடறி விழுகிறார்கள்.

ஒரு மாணவி விண்டோஸ் கணினியில் பைத்தானை நிறுவுகிறாள் என்று வையுங்கள். நிரல்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று விண்டோஸ் பார்க்கும் பட்டியலுக்கு ‘பாத்’ என்று பெயர். அதில் பைத்தானைச் சேர்க்கும் சிறு கட்டத்தில் குறியிட மறந்துவிடுகிறாள். பிறகு ‘பைத்தான்’ என்று தட்டினால் என்ன ஆகும்? 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து, ‘நிறுவிக்கொள்’ என்கிறது. பைத்தான் அதே கணினியில்தான் இருக்கிறது! ஆனால் அந்தப் பிள்ளையோ, ‘எனக்கு மண்டையில் ஏறவில்லை’ என்று மூடி வைத்துவிடுகிறாள்.

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். விடியுமுன் பெரட்டு நடக்கும். பேர் கூப்பிடும்போதே, யார் வரவில்லை, எந்த நிரைக்கு ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகுதான் வேலை.

நல்ல கருவியும் இப்படிப் பெரட்டு எடுக்கும். கைப்பேசிச் செயலிகள் உருவாக்க உதவும் கூகுளின் ஃப்ளட்டரில் ‘ஃப்ளட்டர் டாக்டர்’ என்றொரு கட்டளை உண்டு. ஆண்ட்ராய்டு கருவிகள் இருக்கின்றனவா, உரிமங்களை ஏற்றாயிற்றா, கைப்பேசி இணைந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும். சரியானதற்குச் சரிக்குறி இடும். குறையிருந்தால், அடுத்து எந்தக் கட்டளையைத் தட்டவேண்டும் என்றும் சொல்லும்.

எல்லாக் கோளாறையும் கருவி கண்டுபிடிக்கும் என்று நான் வாதிடவில்லை. எதைத் தேடினேன், எங்கே தேடினேன், இனி நீ என்ன செய்யலாம் என்ற மூன்றையும் சொல்லட்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும். தவறான கடைக்கு வழி காட்டவேண்டாம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணம் வந்தார்கள். கணினி தெரிந்த அண்ணனோ அக்காளோ வீட்டில் இல்லாத பிள்ளைக்கு, நடு இரவில் திரையில் தெரியும் அந்த ஒரு வரிதான் ஆசிரியர். ஆசிரியர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவரையா குற்றம் சொல்வது?

குறை கருவியில்தான் என்று கூறி அமர்கிறேன்.