அவர் பெயர் விஜயலட்சுமி



சென்ற மாதம் உடையார்பாளையத்திலிருந்து ஒரு தாயும் மகளும் எங்கள் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையிடம் வேண்டிக்கொண்டு, அப்படியே வந்திருந்தார்கள். மகளுக்குச் சென்னைக்குப் போய் நடிக்க வேண்டும் என்று ஆசை. "சாமி, நீங்க சொன்னா கேட்பா. வேணாம்னு சொல்லுங்க. நடிக்கப் போன பொண்ண ஊர் என்ன பேசும்?" என்றார் தாய். "நான் என்ன தப்பா பண்ணப் போறேன் சாமி?" என்றாள் மகள்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நினைவு 1996-க்குப் போய்விட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று நடிகை சில்க் ஸ்மிதா சென்னையில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35. தற்கொலை என்றது செய்தி. நாங்கள் அப்போது குருமடத்தில் இறையியல் மாணவர்கள். உணவறையில் ஒருவர் கேலியாக ஏதோ சொன்னார், மேசையே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சற்று முன்புதான் கோயிலில் இறந்தோருக்காக மன்றாடிவிட்டு வந்திருந்தோம்.

அவருடைய பெயர் விஜயலட்சுமி. ஆந்திரத்தில் ஏலூர்ப் பக்கத்துச் சிற்றூர். வறுமையால் நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறு வயதில் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. பிழைப்பும் கனவுமாகச் சென்னைக்கு வந்தார். நமக்கு அது நம் தலைநகரம். அவருக்கோ மொழியே அந்நியம். ஒரு நடிகைக்கு டச்சப் செய்யும் வேலை பார்த்தார். நடிகர் வினு சக்கரவர்த்தி அவரைக் கண்டு ஆதரித்தார். அவருடைய மனைவி ஆங்கிலம் கற்றுக்கொடுத்தாராம். இந்த ஆசிரியையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1980-இல் 'வண்டிச்சக்கரம்' வந்தது. அதில் சாராயக்கடைப் பெண்ணின் பெயர் சில்க். படம் ஓடியது, அந்தப் பெயர் இவரோடு ஒட்டிக்கொண்டது. பல படங்களில் குரல்கூட வேறொருவருடையது.

அடுத்த ஆண்டே 'அலைகள் ஓய்வதில்லை'யில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து மருமகளாக நடித்தார். சேலை கட்டிய, மனத்துயரை அடக்கிக்கொண்ட மனைவி. நன்றாகவே செய்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகும் அவரைப் பெரும்பாலும் ஒரு பாட்டுக்குத்தான் அழைத்தார்கள். அந்தப் பாட்டு வரும்வரை கொட்டகையில் காத்திருந்தவர்கள் நாம். வெளியே வந்து அவரைத் திட்டியவர்களும் நாம்தான்.

லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் சீமோன் வீட்டு விருந்து வருகிறது. பாவி என்று ஊரறிந்த பெண் ஒருவர் உள்ளே வந்து, ஆண்டவரின் காலடியில் அழுகிறார். சீமோன் அவரை எடைபோட்டு முடித்துவிட்டார். இயேசுவோ அந்தப் பெண்ணைப் பார்த்தாயா என்று சீமோனையே கேட்கிறார். சீமோனின் கண் அவர்மேல்தான் இருந்தது; ஆனாலும் அவர் கண்ணீரைச் சீமோன் காணவில்லை. அன்று எங்கள் உணவறையிலும் அதே பார்வைதான்.

தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அந்த நூலை நாங்கள் தேர்வுக்குப் படித்திருந்தோம்!

அந்தத் தாயிடம், போக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை என்றோம். அவருக்கு வருத்தம்தான். மகளிடம் சில காரியங்கள் கேட்டோம். எங்கே தங்குவாய், கையில் எத்தனை மாதத்துக்குப் பணம், யாராவது தவறாக நடந்தால் யாருக்கு முதலில் போன் செய்வாய்? கடைசிக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. அம்மாவிடம் சொன்னால் திட்டுவார்கள் என்றாள். தாய் தலைகுனிந்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கே பண்ணுடி. ராத்திரி ரெண்டு மணின்னாலும் பண்ணு" என்றார்.

சென்னையில் அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு விடுதிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இடம் கிடைக்குமா என்று இன்னும் பதில் வரவில்லை.

வரும் செப்டம்பர் 23, புனித பியோவின் நினைவுநாள். அன்று காலைத் திருப்பலியில், இறந்தோர் பெயர்களுடன் விஜயலட்சுமி என்ற பெயரையும் வாசிப்போம்.