கலங்கல் தெளியும் வெப்பநிலை



வெள்ளி விழா மேடையில் சோதனைக் குழாயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலை எட்டினால் மட்டும் போதாது. ஆய்வுக்கூடத்திலும் கூச்சமின்றிக் கருவிகளைக் கையாள வேண்டும் என்பதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மெத்தனால், சைக்ளோஹெக்சேன் என்னும் இரு கரிம நீர்மங்களைச் சம அளவில் ஒரு குழாயில் ஊற்றினால், அவை இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். மெத்தனாலின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தம்முள் இறுகப் பற்றியுள்ளன. சைக்ளோஹெக்சேனுக்கு அத்தகைய பிணைப்பு இல்லை. வெப்பம் ஏற ஏற அப்பிடிப்பு தளர்கிறது. 45 டிகிரி செல்சியசை ஒட்டிய ஒரு வெப்பநிலைக்கு மேல், எந்த விகிதத்தில் எடுத்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த எல்லையை மாறுநிலைக் கரைசல் வெப்பநிலை என்பர்.

அளக்கும் முறை எளிது. உலர்ந்த குழாயில் 10 மில்லி லிட்டர் சைக்ளோஹெக்சேனும் 2 மில்லி லிட்டர் மெத்தனாலும் எடுத்து, வெப்பமானியை உள்ளே நிறுத்தி, வெந்நீர் உள்ள முகவையில் வைத்துக் கலக்க வேண்டும். இரண்டும் எளிதில் தீப்பற்றுவன, மெத்தனால் நஞ்சு. எனவே அருகில் சுடர் இருத்தலாகாது. வாயால் உறிஞ்சி அளத்தலும் ஆகாது. கலங்கல் மறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, குழாயை வெளியில் எடுத்து ஆறவிட்டு, கலங்கல் மீண்டும் தோன்றும் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். இவ்விரண்டின் சராசரியே நாம் கொள்ளும் அளவு. பின்னர் மெத்தனாலைச் சிறிது சிறிதாகக் கூட்டி மீண்டும் மீண்டும் அளந்து வரைபடம் இட்டால், அது ஒரு குன்றுபோல் எழுந்து தாழும். அதன் உச்சியே நாம் தேடும் வெப்பநிலை.

இச்சோதனையைச் செய்த நாளில் எங்களுக்கு நேர்ந்ததை இங்குச் சொல்ல வேண்டும். எங்கள் அளவு நூலில் கண்டதைவிடச் சில டிகிரி மிகுந்து வந்தது. "அழித்துவிட்டு 45 என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும்" என்றனர் அருகிலிருந்தோர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எங்களுக்கோ, பிழை நம்முடையதாகத்தான் இருக்கும் என்ற அச்சம். ஆயினும் கண்டதையே எழுதினோம், காரணத்தைத் தேடினோம். கழுவிய குழாயைச் சரியாக உலர்த்தாததால் நீர் எஞ்சியிருந்தது. நீர் மெத்தனாலோடு கலக்கும், சைக்ளோஹெக்சேனோடு கலவாது. ஒன்றோடு மட்டும் சேரும் மூன்றாம் பொருள் சிறிதளவு புகுந்தாலும், அவ்விரண்டும் ஒன்றாகும் வெப்பநிலை உயர்ந்துவிடும். குழாயை உலர்த்தி மீண்டும் அளந்தபோது எண் இறங்கி வந்தது. எங்கள் கண் பொய் சொல்லவில்லை. அழித்திருந்தால் அந்த உண்மையையும் சேர்த்தே அழித்திருப்போம்.

இது வெறும் தேர்வுப் பாடம் அன்று. பெட்ரோலியப் பொருள்களை அனிலினோடு சம அளவில் கலந்து, அவை முற்றும் ஒன்றாகக் கலந்து நிற்கும் மிகக் குறைந்த வெப்பநிலையை அளப்பர். அந்த அனிலின் நிலை தாழ்ந்திருந்தால், அதில் அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுதி என்று அறிவர். இதே முறையைக் கைவரப் பெற்ற இளைஞருக்குச் சோதனைக் கூடங்களில் வேலை உண்டு.

1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரைத் தொட்டு அள்ளினார். தொடும் உரிமைக்காகவே அப்போர் நடந்தது. அவ்வழி வந்த நாம் வெப்பமானியைத் தொடத் தயங்கலாமா? பிறர் பதிவேட்டைப் பார்த்து எழுதலாமா? பாதரசம் யார் பார்க்கிறார் என்று பார்த்து ஏறுவதில்லை. இளந்தோழர்களே, தொட்டு அளவுங்கள், கண்டதை எழுதுங்கள், மாறுபட்டால் காரணம் தேடுங்கள்.